சிறுநகர வணிகத் தலைவர்களின் ஆற்றல் வளர்ச்சி: காக்கிநாடா சோதனையும் அதன் பின்னும்

பொருளாதார வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது பெருந்தொழில்களும் பெருநகரங்களும் முதலில் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், உழவரின் விளைபொருள் பணமாக மாறுவதும், ஆலையில் உற்பத்தியான பண்டம் கிராமத்து வீட்டை அடைவதும் சிறுநகரத்துக் கடைவீதியின் வழியாகவே. அரிசி ஆலை, ஜவுளிக் கடை, இரும்புச் சாமான் கடை, உர விற்பனை நிலையம் ஆகியவற்றை நடத்துவோருள் நாலைந்து பேரே பெரும்பாலும் ஊரின் வணிகர் சங்கத்திலும், பள்ளி நிர்வாகக் குழுவிலும், கோயில் திருப்பணிக் குழுவிலும் முன்னிற்கின்றனர். அவர்கள் ஒரு புதிய தொழிலில் துணிந்து இறங்கினால் மற்றவர்களும் பின்தொடர்கின்றனர். அவர்கள் தயங்கினால் ஊரே தயங்குகிறது.

விடுதலைக்குப் பின் சிறுதொழில் வளர்ச்சிக்கென அரசு மேற்கொண்ட முயற்சிகள் பெரும்பாலும் வசதிகளைப் பற்றியவை. கடனுதவி, மின்சாரம், மூலப்பொருள் ஒதுக்கீடு, தொழிற்பேட்டைகள் என்று அவை விரிந்தன. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டி முடித்த கொட்டகைகள் ஆளின்றிக் கிடந்த தொழிற்பேட்டைகளும் உண்டு. வசதியைப் பயன்படுத்த முன்வரும் மனப்பாங்கை மனிதரிடம் வளர்க்க முடியுமா, அதுவும் வயது முதிர்ந்து, ஒரு தொழிலில் ஊன்றிவிட்ட வணிகரிடம் வளர்க்க முடியுமா என்பது தனிக் கேள்வி. இக்கேள்விக்கு ஆய்வு முறையில் விடை தேடிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது ஆந்திரப் பிரதேசத்தின் காக்கிநாடாவில் 1964இல் தொடங்கியது.

காக்கிநாடா சோதனை

ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியரான டேவிட் மெக்லெல்லண்ட், ஒரு சமுதாயத்தின் பொருளாதார எழுச்சிக்கும் அதன் மக்களிடம் காணப்படும் சாதனை நாட்டத்திற்கும் தொடர்பு உண்டு என்னும் கருத்தை 1961இல் வெளியிட்ட நூலில் வாதிட்டிருந்தார். சாதனை நாட்டம் என்பது பண ஆசையோ புகழாசையோ அன்று. ஒரு செயலை முன்னைக் காட்டிலும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்னும் உள்ளுந்துதல். இது குழந்தைப் பருவத்திலேயே அமைந்துவிடுவது என்ற கருத்து அந்நாளில் வலுவாக இருந்தது. வளர்ந்தவர்களிடமும் அதனைத் தூண்ட முடியுமா என்று சோதிக்க ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையம் களம் அமைத்துத் தந்தது. 1962 முதல் அந்நகரில் செயல்பட்டுவரும் அந்நிலையம், இன்று தேசிய குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான நிலையம் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது.

கோதாவரிப் படுகையை ஒட்டி, வங்காள விரிகுடாக் கரையில் அமைந்த துறைமுக நகரம் காக்கிநாடா. அந்நாளில் கிழக்குக் கோதாவரி மாவட்டத்தின் தலைநகர். அங்கிருந்து சுமார் ஐம்பது வணிகர்கள் சிறு சிறு குழுக்களாக ஹைதராபாத்துக்கு அழைத்து வரப்பட்டனர். பத்து நாள் அளவில் உடன் தங்கிப் பயில்வதாகப் பயிற்சி அமைந்தது. வேலூரிலிருந்தும் ஏறத்தாழ இதில் பாதித் தொகையினர் பயிற்சி பெற்றனர். ஒப்பீட்டுக்காக, காக்கிநாடாவைப் போன்றதும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததுமான ராஜமுந்திரியின் வணிகர்கள் பயிற்சியின்றிக் கவனிக்கப்பட்டனர்.

பயிற்சியில் கணக்கியலோ விற்பனை உத்தியோ முதன்மை பெறவில்லை. தெளிவற்ற படம் ஒன்றைக் காட்டி, அதைப் பார்த்துத் தோன்றும் கதையை எழுதச் சொன்னார்கள். பின்னர் அக்கதையில் வரும் மனிதன் எதை விரும்புகிறான், தடையை எப்படி எதிர்கொள்கிறான், யாரிடம் உதவி கேட்கிறான் என்று எழுதியவரே பகுத்துப் பார்க்கும்படி செய்தார்கள். தம் எண்ணப் போக்கைத் தாமே தாளில் காண்பது பலருக்கும் புதிய அனுபவமாக இருந்திருக்கும்.

வளையம் எறியும் விளையாட்டும் பயிற்சியின் பகுதி. தரையில் நட்ட முளையில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை விளையாடுபவரே முடிவு செய்யலாம். முளைக்கு மிக அருகில் நிற்பவர் தவறுவதில்லை. ஆனால் அதில் மகிழ்ச்சியும் இல்லை. மிகத் தொலைவில் நிற்பவர் வென்றால் அது அதிர்ஷ்டம். தோற்றாலும் யாரும் குறை கூறமாட்டார்கள். சாதனை நாட்டம் உடையவர் இடைத் தொலைவில் நின்று, ஒவ்வொரு எறிக்குப் பின்னும் தம் இடத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறார். வணிகத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சரக்கை ஒரே வாடிக்கையாளருக்கு விற்பவர் முளையருகே நிற்கிறார். பருவ விலையை நம்பிக் கையிருப்பு முழுவதையும் ஒரே கொள்முதலில் இடுபவர் கண்ணுக்கெட்டாத தொலைவில் நிற்கிறார். இருவரும் ஒரே ஊரில், சில வேளை ஒரே மனிதரிடத்தில், காணக் கிடைக்கின்றனர்.

இறுதியாக, ஒவ்வொருவரும் அடுத்த இரண்டு ஆண்டுகளில் தாம் செய்யப்போவதை எழுத்தில் வைத்தனர். ‘தொழிலை விரிவாக்குவேன்’ என்பது போன்ற பொது வாசகம் போதாது. எதை, எப்போது, எவ்வளவு பணத்தில் என்று வரையறுக்க வேண்டும். இலக்கை நோக்கிய முன்னேற்றம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதி.

விளைவுகள்

மெக்லெல்லண்டும் டேவிட் விண்டரும் 1969இல் விளைவுகளை நூலாக வெளியிட்டனர். பயிற்சிக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில், பின்னர் பயிற்சி பெற்றவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே புதுத்தொழில் தொடங்குதல், விரிவாக்குதல் போன்ற குறிப்பிடத்தக்க முனைப்பைக் காட்டியிருந்தனர். பயிற்சிக்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளில் அது ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. பயிற்சி பெறாதவர்களிடையே கால் பங்கு அளவிலேயே நின்றது.

இதிலிருந்து மாணவர்கள் அவசர முடிவுக்கு வரலாகாது. வந்தவர்கள் தாமே விரும்பி வந்தவர்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். எண்ணிக்கை சிறிது, இரண்டு ஆண்டு என்பது குறுகிய காலம். கதை எழுதும் சோதனையில் மதிப்பெண் உயர்ந்தவர்கள் எல்லோரும் செயலில் மாறிவிடவும் இல்லை. ஐம்பது பேர் சுறுசுறுப்படைந்ததால் காக்கிநாடா நகரமே மாறிவிட்டது என்று சொல்லவும் சான்று இல்லை.

எனினும் நூலில் உள்ள ஒரு கண்டறிவு உரிய கவனம் பெறவில்லை எனலாம். தம் நிறுவனத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர்களிடமே பயிற்சி நன்கு பலித்தது. தந்தையின் அல்லது மூத்த சகோதரரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள் பயிற்சி முடித்துத் திரும்பி, பழைய கல்லாவின் பக்கத்தில் பழையபடி அமர்ந்தார்கள். மனம் மாறினாலும் கை கட்டப்பட்டிருந்தால் பயன் இல்லை. பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அதிகாரிகள், கடையின் பெயர்ப் பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் காட்டிலும் கொள்முதலை யார் தீர்மானிக்கிறார் என்பதை விசாரிப்பது நல்லது.

குடும்பமும் பொறுப்புப் பகிர்வும்

இதே முடிச்சு வேறொரு வடிவில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தென்பட்டது. மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் ஆகிய தொழில் ஊர்களில் 17 நெசவு நிறுவனங்களின் 28 ஆலைகளை நிக்கோலஸ் புளூம் முதலிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர்; 2013இல் வெளியான அந்த ஆய்வில், இருப்புக் கணக்கு, தரப் பரிசோதனை, இயந்திரப் பராமரிப்பு போன்ற எளிய மேலாண்மை நடைமுறைகளைக் கற்பித்ததால் முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டனர். இத்தனை ஆதாயம் தரும் நடைமுறைகளை அவர்கள் முன்பே ஏன் பின்பற்றவில்லை? தெரியாமை ஒரு காரணம். மற்றொன்று, நிறுவனத்தின் அளவு உரிமையாளர் குடும்பத்து ஆண்களின் எண்ணிக்கையோடு ஒட்டி நின்றது. அண்ணன் தம்பிகள் எத்தனை பேரோ அத்தனை ஆலைகள் என்ற நிலை. வெளியாரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கம் வளரவில்லை. குடும்பத்துப் பெண்களைப் பொறுப்பில் அமர்த்தும் எண்ணம் எழாததையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

பல ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்கு ஆய்வாளர்கள் சென்றபோது, கற்ற நடைமுறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறியதும், உரிமையாளருக்கு நேரமின்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன. எஞ்சிய பாதியின் பயன் மட்டும் நீடித்தது.

சிறந்த வணிகர் சிறந்த தலைவரா?

வணிகர் சங்கத் தலைமையைப் பற்றிய சிந்தனையில் ஒரு மயக்கம் பரவலாக உண்டு. ஊரில் பெருஞ்செல்வர் எவரோ அவரே தலைவர் என்பது வழக்கமாகிவிட்டது. மெக்லெல்லண்ட், பர்ன்ஹாம் என்பவரோடு சேர்ந்து 1976இல் வெளியிட்ட கட்டுரையில் தம் பழைய கருத்துக்கே ஒரு வரம்பு கட்டினார். சாதனை நாட்டம் மிக்கவர் எல்லாவற்றையும் தாமே செய்ய விழைகிறார். தம் வேலையின் பலனை உடனுக்குடன் அறிய விரும்புகிறார். பலரைக் கொண்டு செயலாற்ற வேண்டிய இடத்தில் இக்குணம் இடையூறாகவும் ஆகலாம். அங்கே வேண்டுவது பிறர்மேல் செல்வாக்குச் செலுத்தும் விருப்பம். ஆனால் அது சொந்தப் பெருமைக்காக அன்றி, அமைப்பின் நன்மைக்காகக் கட்டுப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும்.

ஆகவே கடைவீதியில் வெற்றி பெற்றவர், சங்கத்தில் மீண்டும் மாணவராக வேண்டியிருக்கிறது. கூட்டம் நடத்துதல், எதிர்க்கருத்தை முழுமையாகக் கேட்டல், நடவடிக்கைக் குறிப்பைப் பிழையின்றி எழுதச் செய்தல், இரு உறுப்பினரிடையேயான வழக்கைப் பக்கம் சாராமல் தீர்த்தல், சங்கக் கணக்கை உரிய காலத்தில் தணிக்கைக்கு உட்படுத்துதல் ஆகிய இவையெல்லாம் பிறவியில் வருவன அல்ல.

சட்ட அறிவும் அப்படியே. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டத்தின்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாளே. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிடப்படும். இதற்கென மாநிலங்களில் வசதியாக்க மன்றங்கள் உள்ளன. ஆனால், 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்கள் இவ்வகைப்பாட்டில் சேர்க்கப்பட்டபோது, அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. எனவே அரிசி ஆலை உரிமையாளர் மன்றத்தை அணுகலாம்; அவரிடம் வாங்கி விற்கும் மண்டிக்காரர் அந்த உரிமையைக் கோர இயலாது. ஒரே சங்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இவ்விருவருக்கும் ஒரே ஆலோசனை கூறும் தலைவர், ஒருவருக்கு இழப்பை உண்டாக்குகிறார். சட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பதே தொழில்முறைத் தேர்ச்சி.

பயிற்சி அமைப்புகளின் நிலை

காக்கிநாடாவின் தாக்கம் வீணாகவில்லை. குஜராத்தில் தொழில் முதலீட்டுக் கழகத்தின் முயற்சியால் 1970இல் தொழில் முனைவோர் பயிற்சிகள் தொடங்கின. 1983இல் அகமதாபாத்தில் இந்தியத் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிலையம் தோன்றியது. கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும், அன்றைய சிண்டிகேட் வங்கியும், கனரா வங்கியும் சேர்ந்து 1982இல் நிறுவிய ஊரக இளைஞர் பயிற்சி நிலையம், பின்னர் நாடு முழுவதும் வங்கிகள் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களுக்கு முன்மாதிரியாயிற்று. குறுகிய காலப் பயிற்சி, அதன்பின் இரண்டாண்டு தொடர் கவனிப்பு என்பது அவற்றின் முறை.

இவை பெரும்பாலும் புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்கானவை. காக்கிநாடாவில் பயிற்சி பெற்றவர்களோ, ஏற்கெனவே கடை நடத்தியவர்கள். நாற்பத்தைந்து வயதில், கடனும் குடும்பப் பொறுப்பும் சங்கப் பதவியும் தாங்கி நிற்கும் வணிகருக்கு அரசின் பயிற்சி அட்டவணையில் பெரும்பாலும் ஒருநாள் விழிப்புணர்வு முகாம்தான் கிடைக்கிறது. மாலையில் சான்றிதழ் வழங்கப்படுகிறது; எண்ணிக்கை அறிக்கையில் ஏறுகிறது. மறுவாரம் அவர் கடையில் எது மாறியது என்று கேட்க ஒருவரும் செல்வதில்லை.

தனித்தனி ஊர்களிலிருந்து ஒவ்வொருவரைத் திரட்டுவதைவிட, ஒரே ஊரிலிருந்து ஒரு குழுவை அழைப்பது மேல். புதிய எண்ணத்தோடு ஊர் திரும்பும் தனிமனிதரைப் பழைய சூழல் விழுங்கிவிடுகிறது. பத்துப் பேர் திரும்பினால் அவர்களே ஒருவருக்கொருவர் சூழலாகின்றனர். அகமதாபாத்தின் சேவா வங்கியில் பெண் வாடிக்கையாளர்களுக்கு அளிக்கப்பட்ட இரண்டு நாள் பயிற்சியை ஆராய்ந்த, 2016இல் வெளியான ஆய்வும் இதனை ஒட்டியதே. தோழியுடன் சேர்ந்து வந்த பெண்களிடமே பயிற்சி பலித்தது. அவர்கள் தொழிலுக்கெனக் கடன் பெற்றனர், வருவாயும் கூடியது. தனியே வந்தவர்களிடம் அத்தகைய மாற்றம் தென்படவில்லை.

இவ்வாறு ஊர்வாரியாக நடத்தும்போது, ஒவ்வொருவரும் எழுதித் தரும் ஈராண்டு இலக்கை யார் வைத்துக்கொள்வது என்பது சிறு செய்தி போலத் தோன்றும். நடைமுறையில் அதுவே பெரிது. 1978இல் தொடங்கப்பட்ட மாவட்டத் தொழில் மையங்கள் இதற்கு இயல்பான இடம் எனலாம். ஆனால் அதிகாரிகள் மாறுதலில் செல்கின்றனர். ஆறாம் மாதத்தில் கேள்வி கேட்க வேண்டியவர் வேறு மாவட்டத்தில் இருப்பார். ஆகையால் இலக்குத் தாளின் ஒரு படி மையத்திலும், மற்றொரு படி சங்கத்தின் நடவடிக்கைப் பதிவேட்டிலும் இருக்கட்டும். அரையாண்டுக் கூட்டத்தில் தலைவர் முதலில் தம்முடைய தாளையே எடுத்து வாசிக்க வேண்டும். நிறைவேறாத வரிகளையும் சேர்த்து.