துப்பறிவாளரின் கையைப் பிடித்து...

என் மகனுக்குப் பதினொரு வயது. துப்பறியும் கதை என்றால் சாப்பாடுகூட வேண்டாம். அறிவியல், வரலாறு என்று வாங்கித் தந்தால் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்? – வாசகி, தஞ்சாவூர்

துப்பறியும் கதையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அம்மா. தடயத்தைத் தேடும் அந்த ஆசைதான் அவனை அறிவியலுக்கும் அழைத்துப்போகும்.

சத்யஜித் ரேயின் ஃபெலுடா கதைகளைக் கொடுங்கள். 1965இல் 'சந்தேஷ்' என்ற வங்கச் சிறுவர் இதழில் தொடங்கியவை. கதை சொல்பவன் தோப்ஷே என்ற பையன்; ரத்தக்களறி குறைவு, மூளைக்கு வேலை அதிகம். 'சோனார் கெல்லா'வில் துரத்தல் ஜெய்சல்மர் கோட்டைவரை போகும். படித்து முடித்த சூட்டோடு ராஜஸ்தான் வரைபடத்தையும் கோட்டைகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தையும் அவன் கண்ணில் படும்படி வையுங்கள். "படி" என்று சொல்லவே வேண்டாம்.

அறிவியல் நூல் வாங்கும்போது நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். வெறும் தகவலை அடுக்கியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். 'இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?' என்று சொல்லும் புத்தகமே அவனுக்கு ஏற்றது. யாகோவ் பெரெல்மானின் இயற்பியல் நூல் புதிர் போட்டே பாடம் சொல்லும். வரலாற்றுக்கு, 1928இல் பத்து வயது இந்திராவுக்கு நேரு எழுதிய கடிதங்கள் போதும். பாறையையும் புதைபடிவத்தையும் சாட்சிகளாக வைத்து பூமியின் கதையைச் சொல்கிறார்.

அடுத்த முறை கடைக்கு அவனையும் கூட்டிப்போங்கள். ஒன்றை அவனே எடுக்கட்டும்.