இரு மருத்துவர்கள்

அமெரிக்காவின் சீர்திருத்தக் கிறித்துவர்கள், சமயத்தைப் பரப்புவதற்காக 1810ஆம் ஆண்டு ஒரு மிஷனை நிறுவினர். அம்மிஷன் அனுப்பிய இரு மருத்துவர்களின் வரலாறு சிந்திக்கத்தக்கது.

ஒருவர் மார்கஸ் விட்மன். இவர் 1836இல் தம் மனைவியுடன் அமெரிக்காவின் மேற்கு எல்லைப் பகுதியான ஓரிகனுக்குச் சென்றார். அங்குக் கெயூஸ் எனும் பழங்குடியினர் வாழ்ந்தனர். விட்மன் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அதே வேளையில், நிலம் தேடி வந்த வெள்ளையர் குடும்பங்களுக்கும் துணைநின்றார். ஆண்டுதோறும் குடியேறிகள் பெருகினர். 1847இல் தட்டம்மை பரவிக் கெயூஸ் மக்கள் பலர் மாண்டனர். மண்ணும் உயிரும் பறிபோவதைக் கண்ட அவர்களின் அச்சம் சினமாக மாறியது. அவ்வாண்டு நவம்பரில் விட்மனும் அவர் மனைவியும் கொல்லப்பட்டனர்.

மற்றொருவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். இவர் அதே 1847ஆம் ஆண்டு இலங்கையின் யாழ்ப்பாணத்தை அடைந்தார். இவருக்கு முன் 1816 முதலே அங்குத் தங்கியிருந்த அமெரிக்க மிஷனரிகள் தமிழ் கற்றிருந்தனர். வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கூடத்தையும் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் தொடங்கியிருந்தனர்.

கிரீன் மானிப்பாயில் மருத்துவம் பார்த்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கும் அதைக் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழி. ஆனால், ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க வேலையை நாடினர். ‘கிராமத்து நோயாளிகளை யார் கவனிப்பது?’ என்னும் கேள்வி எழுந்தது. எனவே, 1860களில் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முற்பட்டார். அதற்குப் பாடநூல்கள் இல்லை, கலைச்சொற்களும் போதவில்லை. அவரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து அவற்றை உருவாக்கினர். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவந்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவராயினர்.

மிஷனரிகளின் நோக்கம் சமயம் பரப்புவதே என்பதை மறுக்க இயலாது. யாழ்ப்பாண மக்களோ தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்துகொண்டனர். பலர் சமயம் மாறாமலேயே கல்வியைப் பெற்றனர். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியை நிறுவினார். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்ற பலர் பின்னாளில் மலாயாவுக்கு வந்து, இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றினர்.

விட்மன், கிரீன் இருவருமே நோய் தீர்க்கச் சென்றவர்கள்தாம். ஒருவருக்குப் பின்னால் நிலம் தேடும் கூட்டம் வந்தது. மற்றவரோ, தாம் அறிந்த கலையை அவ்வூர் மக்களின் மொழியில் ஒப்படைத்துவிட்டு 1873இல் நாடு திரும்பினார். அவர் சென்ற பின்னரும் கிராமங்களில் நோயாளிகளைக் கவனிக்கத் தமிழ் மருத்துவர்கள் இருந்தனர்.