வளரும் நகரமும் வட்டச் சந்திகளும்

ஓர் ஊர் வளர்கிறது என்பதற்கு அடையாளம் என்ன? உயர்ந்த கட்டடங்களைச் சிலர் காட்டுவர். பெரிய கடைவீதிகளைச் சிலர் காட்டுவர். நாம் சந்திகளைக் காட்டுவோம். சிற்றூரில் இரண்டு சாலைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஓர் ஆலமரமும் ஒரு தேநீர்க் கடையும் இருக்கும். அங்கே யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதே ஊர் நகரமாகும்போது முதல் நெருக்கடி அந்தச் சந்தியில்தான் தோன்றுகிறது. நேர்ச்சாலையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடலாம். சந்தியிலோ ஒருவர் நின்றால்தான் மற்றவர் போக முடியும். யார் நிற்பது, யார் போவது என்பதே நகரப் போக்குவரத்தின் தலையாய கேள்வி.

இக்கேள்விக்குக் காவலரின் கையசைப்பு ஒரு விடை, மூவண்ண விளக்கு மற்றொன்று, மேம்பாலம் இன்னொன்று. காவலரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்று நிற்கும் விடை ஒன்று உண்டு. அதுவே வட்டச் சந்தி. நம் ஊர்களில் அதை 'ரவுண்டானா' என்று வழங்குகிறோம். இக்கட்டுரையில் அதன் தோற்றம், அது இயங்கும் விதம், அதன் எல்லை ஆகியவற்றைக் காண்போம்.

வட்டம் பிறந்த கதை

நியூயார்க் நகரின் கொலம்பஸ் வட்டம் 1905-இல் அமைந்தது. பாரிஸ் நகரில் பல சாலைகள் வந்து கூடும் வெற்றி வளைவைச் சுற்றி, 1907-இல் வண்டிகள் ஒரே திசையில் செல்லத் தொடங்கின. இங்கிலாந்தின் முதல் வட்டச் சந்தி லெட்ச்வொர்த் என்னும் தோட்ட நகரில் 1909-ஐ ஒட்டி எழுந்தது. எல்லோரும் ஒரே திசையில் சுற்றினால் எதிரெதிரே மோத வழியில்லை என்பதே அடிப்படைக் கருத்து. இடப்பக்கமாகச் செல்லும் நம் நாட்டில், நடுத்திட்டை வலக்கைப் பக்கம் வைத்து வலம் வருகிறோம்.

ஆனால் பழைய வட்டங்களில் ஒரு பெருங்குறை இருந்தது. உள்ளே சுற்றுகிறவர் முந்தியவரா, வெளியிலிருந்து நுழைகிறவர் முந்தியவரா என்பதில் தெளிவில்லை. பல இடங்களில் நுழைகிறவருக்கே முன்னுரிமை இருந்தது. விளைவு என்ன? புதிய வண்டிகள் வந்து வந்து வட்டத்தை நிரப்பும். உள்ளே இருப்பவர் வெளியேறும் வழியை அடைய முடியாமல் நிற்பார். அவர் நிற்பதால் அவருக்குப் பின்னால் இருப்பவரும் நிற்பார். சிறிது நேரத்தில் வட்டம் முழுவதும் பூட்டுப் போட்டதுபோல் இறுகிவிடும். இக்காரணத்தால் பல நாடுகள் வட்டச் சந்திகளையே வெறுத்து ஒதுக்கின.

1966 நவம்பரில் பிரிட்டன் ஒரு சிறிய விதியைக் கொண்டுவந்தது: வட்டத்துக்குள் நுழைகிறவர், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். அவ்வளவுதான். சாலையை அகலப்படுத்தவில்லை, கட்டடங்களை இடிக்கவில்லை. வழிவிடும் முறையை மாற்றியதும் இறுக்கம் தளர்ந்தது. இம்மாற்றத்துக்கு உழைத்தவர்களுள் ஃபிராங்க் பிளாக்மோர் என்னும் பொறியாளர் முதன்மையானவர். ஐந்து சிறு வட்டங்களை ஒரே சந்தியில் சேர்த்து, 1972-இல் ஸ்விண்டன் நகரில் அமைந்த விந்தைச் சந்தியும் அவர் வடிவமைத்ததே.

தாளும் பென்சிலும் போதும்

வட்டத்தின் பயனை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தாளில் சாதாரண நாற்சந்தியை வரைந்து, ஒவ்வொரு சாலையிலிருந்தும் நேராகவும் இடமாகவும் வலமாகவும் செல்லும் வழிகளைக் கோடுகளாக இடுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் 16. ஒன்றுசேரும் இடங்கள் 8. பிரியும் இடங்கள் 8. ஆக, மோதல் நிகழக்கூடிய இடங்கள் 32. அதே சந்தியில் ஒரு வழித்தட வட்டத்தை வரையுங்கள். சேரும் இடங்கள் 4. பிரியும் இடங்கள் 4. வெட்டும் இடம் ஒன்றுகூட இல்லை. 32 என்பது 8 ஆகிவிடுகிறது!

இரண்டாவது நன்மை வேகத்தில் இருக்கிறது. வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று இயற்பியலில் படித்திருக்கிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியைவிட நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே தீரவேண்டும். விளக்குச் சந்தியில் பச்சை மறையுமுன் பாய்ந்துவிடத் துடிக்கும் ஆசைக்கு வட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் 24 சந்திகளை வட்டங்களாக மாற்றியபின் நிகழ்ந்ததை ஆராய்ந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. காயம் விளைவித்த விபத்துகள் அங்கே ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வட்டம் பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வட்டம் பெரிதாகப் பெரிதாக வளைவு தளரும். வளைவு தளர்ந்தால் வேகம் ஏறும். ஆகவே இக்காலப் பொறியாளர்கள் அளவான வட்டத்தையும், நுழைவாயிலில் வண்டியைச் சற்றே திருப்பிவிடும் அமைப்பையும் விரும்புகின்றனர்.

சண்டிகர் கற்பிக்கும் பாடம்

வட்டச் சந்திகளுக்குப் பெயர்பெற்ற இந்திய நகரம் சண்டிகர். 1947-இல் நாடு பிரிந்தபோது லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. ஆல்பர்ட் மேயர் முதல் திட்டத்தை வகுத்தார். 1951-இல் லெ கொர்பூசியே பொறுப்பேற்று அதை மாற்றி அமைத்தார். அவருடன் உழைத்தவர்களில் ஜேன் ட்ரூ, ஊர்மிளா சௌத்ரி என்னும் பெண் கட்டடக்கலைஞர்கள் இருந்தனர் என்பது நம் மாணவியர் அறிந்து மகிழத்தக்கது.

அந்நகரம் ஏறத்தாழ 1200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பள்ளி, கடை, பூங்கா யாவும் ஒவ்வொரு பகுதிக்குள்ளேயே இருக்கும். விரைவுச் சாலைகள் பகுதிகளின் வெளிப்புறமாகச் செல்லும். அச்சாலைகள் கூடும் இடங்களில் அகன்ற வட்டங்கள் பூச்செடிகளோடு எழுந்தன. வண்டிகள் குறைவாக இருந்த அக்காலத்தில் அவை தங்குதடையின்றி இயங்கின.

நகரமோ நிற்கவில்லை. 5 லட்சம் பேருக்கென்று வகுக்கப்பட்ட இடத்தில் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். மொகாலியும் பஞ்ச்குலாவும் அருகிலேயே வளர்ந்து, நாள்தோறும் வண்டிகளை அனுப்பின. நெருக்கடி மிகுந்த வட்டங்களில் விளக்குகள் வைக்க வேண்டியதாயிற்று. காவலரும் மின்சாரமும் வேண்டாம் என்று அமைந்த வட்டத்துக்கு அவ்விரண்டும் தேவைப்பட்டன.

இதனால் வட்டம் தோற்றுவிட்டது என்று சொல்லலாமா? கூடாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அளவு உண்டு. எல்லாச் சாலைகளிலிருந்தும் சேர்ந்து மணிக்குச் சுமார் 3000 வண்டிகள் வரை வட்டச் சந்தி செம்மையாகத் தாங்கும் என்று இந்தியச் சாலைப் பேராயம் 1976-ஆம் ஆண்டு வழிகாட்டியில் குறித்தது. படி கொள்ளும் அரிசியைத்தான் படியில் அளக்க முடியும். அளவு மீறிய இடத்தில் விளக்கோ வேறு வழியோ தேவை. அளவுக்கு உட்பட்ட இடத்தில் நன்கு இயங்கும் வட்டத்தை இடிப்பது வீண்செலவு. நகரம் வளரும்போது ஒவ்வொரு சந்தியிலும் வண்டிகளை எண்ணிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

நடப்பவரை யார் எண்ணுவது?

எண்ணும்போது வண்டிகளை மட்டும் எண்ணுவது நீதியாகாது. விளக்குச் சந்தியில் சிவப்பு எரியும்போது நடப்பவருக்கு ஒரு நிமிடமாவது கிடைக்கிறது. வட்டத்திலோ வண்டிகள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பள்ளிச் சிறுமியும், காய்கறிக் கூடையோடு வரும் தாயும், பார்வையற்றவரும், மிதிவண்டியில் செல்பவரும் எப்போது கடப்பது? நடப்போர் திரளாக உள்ள இடத்துக்கு விளக்கில்லாத வட்டம் ஏற்றதன்று. பிற இடங்களில் வட்டத்திலிருந்து ஒரு வண்டி நீளமாவது தள்ளி வரிக்குதிரைக் கோடும், சாலை நடுவே நின்று இளைப்பாற ஒரு சிறு திட்டும் வேண்டும். அவை இருந்தால் ஒரு முறைக்கு ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடக்கலாம். இவை விலையுயர்ந்தவை அல்ல. எனினும் சந்தியின் அழகுக்குச் செடி வைக்கும் நாம், நடப்பவரின் உயிருக்குக் கோடு போட மறந்துவிடுகிறோம்.

நாம் கொள்ளவேண்டியவை

1. வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. 2017-ஆம் ஆண்டு மோட்டார் வண்டி ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதையே கூறுகின்றன. நுழையுமுன் வலப்பக்கம் பார்த்து வழிவிடுக.

2. வெளியேறுமுன் இடப்பக்க விளக்கையோ கையையோ காட்டுக.

3. நடந்து செல்வோர் நடுத்திட்டின் குறுக்கே ஒருபோதும் செல்லலாகாது. சாலைக் கிளைகளில், கோடிட்ட இடத்திலேயே கடக்க வேண்டும். வட்டத்தை விட்டு வெளியேறும் வண்டிகளையும் பார்க்க வேண்டும்.

4. மிதிவண்டியில் செல்லும் தோழியர் பேருந்து, லாரியின் இடப்பக்க ஓரத்தில் நுழையலாகாது. அது திரும்பும்போது ஓட்டுநர் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம்.

நம்மில் பலர் பதினெட்டு வயது நிறைந்ததும் ஓட்டுநர் உரிமம் பெறுவோம். சிலர் பொறியாளராகவும் நகரமன்ற உறுப்பினராகவும் ஆவோம். வட்டச் சந்தியில் நம்மைத் தடுக்கக் காவலர் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. நம் மனச்சான்றே அங்கே காவலர். ஒருவர் சில நொடிகள் பொறுத்தால் அனைவரும் நகர்கின்றனர். எல்லோரும் முந்தினால் ஒருவரும் நகர்வதில்லை. பிறரன்பு என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கும் பாடத்தைச் சாலையில் ஒவ்வொரு நாளும் செய்துகாட்ட இறைவன் நமக்கு அருள்வாராக!