கண்ணப்பர் குருபூசையும் உறுப்புத் தானமும்

தை மாத மிருகசீரிடத்தில் கண்ணப்ப நாயனார் குருபூசை வருகிறது. காளத்தியப்பரின் கண்ணில் இரத்தம் வழியக் கண்டு, தம் கண்ணை அம்பினால் இடந்து அப்பிய வரலாற்றைக் கேட்டு உருகாத சைவர் இல்லை. ஆனால் அதே அன்பர்களிடம் உறுப்புத் தானம் பற்றிப் பேச்செடுத்தால், “உடம்பை முழுசாக அல்லவா தகனம் செய்யவேண்டும்? மறுபிறவியில் கண்ணில்லாமல் பிறந்தால்?” என்று கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை.

சைவ சித்தாந்தத்தின்படி, உயிர் பிரியும்போது அதனுடன் செல்வது சூக்கும உடல். கண், இருதயம், சிறுநீரகம் என்பன தூல உடலைச் சேர்ந்தவை. அவை இங்கேயே தங்கிச் சாம்பலாகின்றன. அடுத்த பிறவியில் எத்தகைய உடம்பு வாய்க்கும் என்பதை வினையே தீர்மானிக்கிறது. சிதையில் வைத்த உறுப்புகளின் கணக்குப்படி மறுபிறவி அமைவதாயின் நாம் எவரையும் எரிக்கவே கூடாதே!

இது தத்துவம். பெற்ற வயிறு பற்றி எரியும் வேளையில் தத்துவம் எவ்வளவு உதவும் என்பது வேறு விடயம். அதற்கு ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். அவர்கள் சைவர்கள் அல்லர்; அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் போடேகா பே என்னும் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர்கள்.

1994 செப்டெம்பர் இறுதியில் ரெஜ் கிரீன், மனைவி மாகி, 7 வயது மகன் நிக்கலஸ், 4 வயது மகள் எலனோர் ஆகியோர் தென் இத்தாலியில் இரவில் காரில் சென்றுகொண்டிருந்தனர். பிள்ளைகள் பின் ஆசனத்தில் உறங்கினர். நகை ஏற்றிச் செல்லும் கார் என்று எண்ணிய கொள்ளையர் சுட்டதில் நிக்கலஸின் தலையில் குண்டு பாய்ந்தது. மெசினா நகர வைத்தியசாலையில் ஒக்டோபர் 1ஆம் திகதி அவன் இறந்தான்.

அந்த நாட்டைச் சபித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்களோ மகனின் உறுப்புகளை அந்த நாட்டவருக்கே கொடுத்தார்கள். ஏழு இத்தாலியர் பயன்பெற்றனர். ஈரல் பெற்ற 19 வயதுப் பெண் அப்போது நினைவிழந்து கிடந்தவர். பின்னர் திருமணமாகி, தன் மகனுக்கு நிக்கலஸ் என்றே பெயர் வைத்தார். இருதயம் 15 வயதுச் சிறுவனுக்குக் கிடைத்தது. அவர் 2017இல் காலமானார். பிறந்த உடலில் 7 ஆண்டுகள் துடித்த இருதயம் இன்னொருவர் நெஞ்சில் 22 ஆண்டுகளுக்கு மேல் துடித்தது.

இதனால் பெற்றோரின் துக்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. நிக்கலஸ் இல்லாத வீட்டுக்குத்தான் அவர்கள் திரும்பினார்கள். ஆனால் சில மாதங்களின் பின் மறுபடி இத்தாலி சென்று, மகனால் பிழைத்தவர்களை நேரில் கண்டார்கள். போடேகா பேயில் நிக்கலஸ் நினைவாக மணிக்கோபுரம் அமைக்க எண்ணியபோது இத்தாலியிலிருந்து மணிகள் வந்து குவிந்தன. பாடசாலை மணி, தேவாலய மணி, கப்பல் மணி, மாட்டின் கழுத்து மணி என ஏறத்தாழ 140. நடுமணியில் நிக்கலஸின் பெயரோடு அந்த ஏழு பேரின் பெயர்களும் உள்ளன. தந்தை ரெஜ் கிரீன் பல நாடுகளுக்கும் சென்று இதைப் பற்றியே பேசிவந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் இத்தாலியில் உறுப்புத் தானம் மும்மடங்கானது.

நம்மவர் பலரைத் தடுப்பது இன்னொரு பயம்: “இருதயம் துடிக்கிறதே, பிழைத்துவிட்டால்?” மூளைச்சாவு வேறு, நீண்ட மயக்கம் வேறு. மயக்கத்தில் மூளை ஓரளவேனும் இயங்கும், மீளவும் கூடும். மூளைச்சாவில் மூளை முற்றாக நின்றுவிடுகிறது. சுவாச இயந்திரத்தால் மட்டுமே இருதயம் சிறிது காலம் துடிக்கிறது. அதை உறுதிசெய்யும் வைத்தியர்கள் உறுப்பு மாற்றும் குழுவைச் சேராதவர்கள்.

இங்கிலாந்தில் 2020 மே முதல், மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகின்றனர். ஆயினும் வைத்தியர்கள் குடும்பத்தாரிடம் பேசியே செய்கின்றனர். அப்பாவின் விருப்பம் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால், தயங்கி “வேண்டாம்” என்றே சொல்வார்கள். ஆகவே வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கும்போதே, ஒரு நாள் தேநீர் வேளையில் இதைப் பேசிவிடுங்கள்.

தானத்தின் பின் உடல், சத்திரசிகிச்சை செய்ததுபோல் தைக்கப்பட்டு வீட்டாரிடம் ஒப்படைக்கப்படும். சற்றுத் தாமதமாகலாம். முகம் பார்க்கலாம், நீராட்டலாம், கிரியை, தகனம், அந்தியேட்டி யாவும் வழமைபோலவே நடத்தலாம்.