வியன்னாவில் மதியம் தூங்குங்கள்

ஜூன் பிறந்துவிட்டது. நீங்கள் மியூனிக்கிலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கிறீர்கள். வேலைக்கு வந்தவராக இருக்கலாம், பிள்ளை வீட்டுக்கு வந்த அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம். மூன்று நாள் தனியே எங்காவது போய்வர ஆசை என்றால் வியன்னாவுக்கு ரயில் ஏறுங்கள். நேர் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கையில் இருப்பது ஷெங்கன் விசாவோ ஜெர்மன் வதிவிட அனுமதியோ, அது செல்லுபடியாகும் வரை ஆஸ்திரியாவுக்கு என்று தனி விசா தேவையில்லை.

முதல் வேலை பயணச்சீட்டு. அதை இன்றே பாருங்கள். மலிவு விலைச் சீட்டுகள் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். அவை தீரத் தீர விலை ஏறும். செவ்வாய் காலை புறப்பட்டு வெள்ளி காலை திரும்புவது என் கணக்கு. வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் பாதி ஐரோப்பாவே ரயிலில்தான் இருக்கும். இருக்கைப் பதிவுக்குச் சில யூரோ தனியாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். கோடையில் அதை மிச்சம் பிடித்தவர்கள் கதவோரம் பெட்டி மேல் உட்கார்ந்து போவதைப் பார்க்கலாம். போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆல்ப்ஸ் மலை, இடப்பக்கம் கிடைத்தால் கீம்சே ஏரி. ஒற்றை ஆளுக்குக் கடைசி நேரத்திலும் ஓர் இடம் அகப்படும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அந்த யோகம் இல்லை.

இந்தத் தடத்தில் இரண்டு நிறுவனங்கள் ரயில் ஓட்டுகின்றன. ஆஸ்திரிய அரசு ரயில்வேயின் ‘ரயில்ஜெட்’ வியன்னாவின் ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற தலைமை நிலையத்துக்குப் போகும். தனியார் ‘வெஸ்ட்பான்’ வண்டி மேற்கு நிலையத்தில் முடியும். விடுதி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். தலைமை நிலையத்துக்கு முன்னால் மைட்லிங் என்று ஒரு நிறுத்தம் வரும். ‘வியன்னா’ என்ற பெயர் காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே இறங்கிவிட வேண்டாம்.

தண்டவாளப் பராமரிப்புக்குக் கோடையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதனால் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நேரத்தை மறுபடி சரிபாருங்கள். வண்டி மாற வேண்டியிருந்தால் மொத்தப் பயணத்தையும் ஒரே சீட்டாக எடுங்கள். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று வழியில் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சேருமிடத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். கேட்க வெட்கப்படாதீர்கள்.

அடுத்தது அறை. வியன்னாவில் வெயில் 35 டிகிரி என்றால் வேலூர்க்காரருக்குச் சிரிப்பு வரும். முதல் இரவோடு அந்தச் சிரிப்பு போய்விடும். அங்குள்ள பழைய கட்டடங்கள் பனிக்காலத்தை நினைத்துக் கட்டியவை. தடித்த செங்கல் சுவர். ஒருமுறை சூடேறினால் எளிதில் ஆறாது. கூரையில் மின்விசிறி இருக்காது. குளிர்சாதனம் எல்லா விடுதிகளிலும் கிடையாது. பதிவு செய்யும் முன் ‘கிளிமா-அன்லாகே’ உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தெருப்பக்கம் வேண்டாம், உள்முற்றம் பார்த்த அறை கேளுங்கள். இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். கூடவே ஒரு ‘வென்டிலேட்டர்’ தருவீர்களா என்றும் கேளுங்கள். பதற வேண்டாம், ஜெர்மன் மொழியில் மின்விசிறிக்கு அதுதான் பெயர்.

இனி நாளை எப்படிப் பிரிப்பது? ஜூன் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கே விடிந்துவிடும், ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறையும். நடுவில் உள்ள நாலைந்து மணி நேரத்தைத் தூக்கத்துக்கு விட்டாலும் நாள் மிச்சம் இருக்கும். கூட ஆள் இருந்தால் இது நடக்காது. ஒருவருக்குப் பசிக்கும், ஒருவருக்குக் கடைக்குப் போக வேண்டும். தனியே போனவர் வெயிலோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

விடிந்ததும் யூ4 மெட்ரோவில் ஷோன்புருன் அரண்மனைக்குப் போங்கள். தோட்டம் காலை ஆறரைக்குத் திறக்கிறது, நுழைவு இலவசம். மேட்டின் மேல் உள்ள 1775ஆம் ஆண்டு மண்டபம் வரை ஏறி நகரத்தைப் பாருங்கள். பத்து மணிக்குக் கலை வரலாற்று அருங்காட்சியகம். எல்லாவற்றையும் பார்க்கப் பேராசைப்படாமல் நேராக ஓவியர் ப்ரூகலின் அறைக்குப் போங்கள். அவருடைய ஓவியங்கள் பன்னிரண்டு அங்கே இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. ‘பாபேல் கோபுரம்’ ஓவியத்தின் முன்தான் கூட்டம் நிற்கும். நீங்கள், அவர் 1565இல் தீட்டிய ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ முன்னால் நில்லுங்கள். களைத்த நாய்கள், உறைந்த குளத்தில் சறுக்கும் எறும்பளவு மனிதர்கள், பச்சை கலந்த சாம்பல் நிற வானம். வெளியே தார் உருகும் நாளில் அரை மணி நேரம் அந்தப் பனியில் நிற்கலாம், ‘போதும், வா’ என்று கையைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை.

ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, திரையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள்.

ஐந்து மணிக்கு மேல் யூ1 பிடித்து டோனாவ்இன்சல் நிறுத்தத்தில் இறங்குங்கள். வெள்ளத்தைத் தடுக்க 1972 முதல் 1988 வரை டான்யூபுக்குப் பக்கத்தில் புதுக் கால்வாய் தோண்டினார்கள். அந்த மண்ணைக் குவித்ததில் உருவானது இந்த 21 கிலோமீட்டர் தீவு. குளிக்கக் கட்டணம் கிடையாது. தனியாக வந்தவர் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் அறையிலேயே பூட்டிவிட்டு, ஒரு துண்டோடு போவது நல்லது. தீவின் இரு முனைகளிலும் உடையின்றிக் குளிக்கும் பகுதிகள் உண்டு. காற்றாட நடப்பவர்கள் அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடக்கவும்.

ஜூலை, ஆகஸ்டில் அரசு ஓபராவுக்கு விடுமுறை. மொட்ஸார்ட் விக் அணிந்து தெருவில் கச்சேரிச் சீட்டு விற்பவர்களிடம் சிரித்துவிட்டு நகருங்கள். ராட்ஹவுஸ் என்னும் நகர மன்றத்தின் முன் பெரிய திரையில், இருட்டியதும் ஓபராவும் கச்சேரிகளும் இலவசமாகக் காட்டுகிறார்கள். சுற்றிலும் உணவுக் கடைகள். தனியே மேசை பிடித்துச் சாப்பிடக் கூச்சப்படும் பெண்களுக்கும் இது தோதான இடம்.

சைவர்கள் தோசைத் துண்டு போல ஏதோ மிதக்கும் ‘ஃபிரிட்டாட்டன்’ சூப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மாட்டிறைச்சிச் சாறு. தண்ணீர் விலைக்கு வாங்காதீர்கள். 1873 முதல் ஆல்ப்ஸ் ஊற்று நீர்தான் குழாயில் வருகிறது. மெட்ரோவில் தடுப்புக் கதவு கிடையாது, சோதனை உண்டு. முத்திரையிடாத காகிதச் சீட்டை நுழைவிலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட்ட பிறகே உள்ளே போங்கள். வாரக் கடைசிதான் வாய்த்தது என்றால் சனிக்கிழமை மாலை ஆறுக்குள் பழமும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையக் கடைகளைத் தவிர ஏறக்குறைய எல்லாம் மூடியிருக்கும்.

திரும்பும் வழியில் பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில் திணிக்காதீர்கள். ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி 2015 முதல் சோதனை நடத்துகிறது. சால்ஸ்பர்க் தாண்டியதும் போலீசார் ரயில் பெட்டிக்குள் வரக்கூடும். நகலோ கைப்பேசிப் படமோ போதாது. அசல் பாஸ்போர்ட்டும், வதிவிட அட்டை உள்ளவர்கள் அதையும், மியூனிக் வரும்வரை கைப்பையிலேயே வைத்திருங்கள்.