முதலில் குறிப்பேடு, பின்னர் பேரேடு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

முன்னுரை

வணிகவியல் மாணவனுக்குக் கணிப்பொறியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தகுதி இருக்கிறதோ இல்லையோ, காரணம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் காரைக்காலில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவர். 2018ஆம் ஆண்டில் அக்கடைக்குக் கணிப்பொறி வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த சிறியதொரு நிரலில் கணக்குகள் ஏறின. ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலையில், சரக்கு தந்தவருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுத் தந்தையார் அதனைப் பதிந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. சரக்கு தந்தவர் கணக்கில் பற்று விழுந்துவிட்டது. ரொக்கக் கணக்கில் வரவு விழவில்லை. இரவு கடை அடைக்கும்போது, கணிப்பொறி காட்டிய ரொக்கத்தைவிடப் பெட்டியிலிருந்த ரொக்கம் பன்னிரண்டாயிரம் குறைந்தது. முதலாளி ஒன்றும் பேசவில்லை. தந்தையாரின் முகத்தைப் பார்த்தார். பல்லாண்டுகள் ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதியவருக்கு அந்தப் பார்வை ஒன்று போதாதா?

தந்தையார் மேசை இழுப்பறையிலிருந்து தம் சிட்டாவை எடுத்தார். கணிப்பொறியைத் தொடுமுன் ஒரு வரி சிட்டாவில் எழுதிவிடுவது அவர் விடாத வழக்கம். பத்து நிமிடத்தில் பிழை வெளிப்பட்டது. அன்றிரவு என்னிடம் அவர் கூறியது இதுதான்: "தம்பி, மெஷினுக்கு மறதி வரும். சிட்டாவுல எழுதிட்டு அப்புறம் பேரேட்டத் தொட்டா பயமே இல்ல."

அவர் சொன்ன அதே விதியின்மீதுதான் உலகின் வங்கிக் கணிப்பொறிகள் நிற்கின்றன என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். அவ்விதியை நிறைவான முறையாக வகுத்த அறிஞர்களுள் முதன்மையானவர் தமிழகத்தில் பிறந்தவர் என்பதறிந்து மகிழ்ந்தேன். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தரவுத்தளமும் நடவடிக்கையும்

ஒரு நிறுவனத்தின் கணக்குகள், ஊழியர் விவரங்கள், சரக்கிருப்பு ஆகியவற்றை ஒருங்கே வைத்துக் காக்கும் அமைப்பைத் தரவுத்தளம் என்கிறோம். அதனைத் தாங்கி நின்று, கேட்போருக்கெல்லாம் விடை தரும் கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். 1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர், தரவுகள் அனைத்தையும் எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் நிறுவினார். இன்றைய பெரும்பாலான வணிகத் தரவுத்தளங்கள் அக்கருத்தின் வழிவந்தவையே.

அட்டவணை அமைத்தால் மட்டும் போதுமா? நாம் வணிகவியலில் படிக்கும் இரட்டைப் பதிவு முறையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று ஒன்று, வரவு ஒன்று. இரண்டும் நிகழ வேண்டும்; அல்லது இரண்டுமே நிகழாதிருக்க வேண்டும். பாதியில் நின்றால் என் தந்தையாருக்கு நேர்ந்ததுதான் எவருக்கும் நேரும்.

இச்சிக்கலை 1970களில் ஆழ ஆராய்ந்தவர் ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர். நடவடிக்கை முழுமையாக நிகழ வேண்டும். கணக்கு முரண்படக் கூடாது. ஒருவர் எழுதுவது மற்றொருவர் எழுதுவதைக் குலைக்கக் கூடாது. முடிந்ததென்று சொன்ன பின் அது அழியவே கூடாது. இந்நான்கு பண்புகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, 1983இல் ஹேர்டர், ராய்ட்டர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 'ஆசிட்' என்று பெயரிட்டனர். பெயர் அமிலமாயினும் பணி அமுதமாகும்! கணிப்பொறி உலகின் உயரிய விருதாகிய டூரிங் விருதினைக் காட் 1981இலும், கிரே 1998இலும் பெற்றனர். 2007 ஜனவரியில் பாய்மரப் படகில் தனியே கடலுக்குச் சென்ற கிரே கரை திரும்பவில்லை. கடலோரத்தில் வாழும் நமக்கு அத்துயரைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

சி. மோகனும் மேட ராசியும்

தமிழகத்தில் 1955இல் பிறந்த சி. மோகன், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வேதிப் பொறியியல் படித்து 1977இல் பட்டம் பெற்றவர். படித்தது வேதிப் பொறியியல். நாட்டம் சென்றதோ கணிப்பொறியின்பால். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1981இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1992ஆம் ஆண்டில் அவரும் உடன் ஆய்ந்த நால்வரும் வெளியிட்ட முறையின் பெயர் 'ஏரீஸ்'. நீண்டதொரு ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. மேட ராசிக்கும் அதுவே பெயர்.

கணிப்பொறியின் நினைவகம் விரைவானது. ஆனால் மின்சாரம் நின்றால் அதிலுள்ளது அழிந்துவிடும். வட்டு மெதுவானது, ஆனால் எழுதியதை வைத்திருக்கும். ஆகவே எந்த மாற்றத்தையும் பேரேடாகிய தரவுத்தளத்தில் வட்டில் எழுதுமுன், "இன்ன இடத்தில், இது இவ்வாறு மாறுகிறது" என்று வட்டிலுள்ள குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். இவ்விதி மோகனுக்கு முன்பே வழக்கில் இருந்தது. ஆயினும், பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தின் வெவ்வேறு வரிகளை மாற்றிக்கொண்டிருக்கையில் சர்வர் விழுந்தால், யாருடைய பதிவும் கெடாமல் மீட்பது எப்படி? அதற்கு நிறைவான வழி கண்டதே ஏரீஸின் சிறப்பு. விழுந்தெழுந்த சர்வர் மூன்று படிகளில் பணி செய்கிறது.

முதற்படி ஆய்தல். கடைசியாகக் குறித்துவைத்த இடத்திலிருந்து குறிப்பேட்டைப் படித்து, முடிந்த நடவடிக்கை எது, பாதியில் நின்றது எது என்று பிரித்தறிகிறது.

இரண்டாம் படி மீளச் செய்தல். குறிப்பேட்டில் கண்டபடி, விடுபட்ட மாற்றங்கள் அனைத்தையும் மீண்டும் செய்கிறது. வியப்பு என்னவெனில், பாதியில் நின்றவற்றையும் இப்போது செய்துவிடுகிறது. விபத்து நேர்ந்த நொடியில் பேரேடு எப்படி இருந்திருக்க வேண்டுமோ, அப்படியே ஆகிவிடுகிறது. ஒவ்வொரு குறிப்புக்கும் வரிசை எண் உண்டு. பேரேட்டின் ஒவ்வொரு பக்கமும் தன்மேல் கடைசியாக ஏறிய குறிப்பின் எண்ணைத் தாங்கியிருக்கும். எனவே ஒரே மாற்றம் இருமுறை ஏறாது.

மூன்றாம் படி நீக்குதல். பாதியில் நின்றவற்றைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்குகிறது. அப்போதும் குறிப்பேட்டில் எதையும் அழிப்பதில்லை. நீக்கியதையும் புதிய குறிப்பாக எழுதுகிறது. நீக்கும்போதே மின்சாரம் மறுபடி நின்றாலும், எதுவரை நீக்கினோம் என்பது தெரிந்துவிடும்.

வணிகவியல் நண்பர்களே! இது நாம் முதலாண்டிலேயே கற்ற பாடமன்றோ? கணக்கேட்டில் பிழை நேர்ந்தால் சுரண்டி அழிக்கலாகாது, திருத்தப் பதிவு எழுத வேண்டும் என்று நம் பேராசிரியர்கள் கற்பித்ததும் இதுவே. ஐ.பி.எம்.மின் டி.பி.2 முதலாகப் பல தரவுத்தளங்கள் ஏரீஸ் முறையைத் தழுவின.

ஒன்று போனால் ஒன்று

மின்சாரம் நிற்பதற்கு மருந்து குறிப்பேடு. வட்டே பழுதாகிவிட்டால் என் செய்வது? 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிஞர்களான பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர், பல சிறு வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் 'ரெய்டு' முறைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றன் கருத்து எளியது. மூன்று தொகைகளையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு தாள்களில் எழுதி வையுங்கள். எந்த ஒரு தாள் தொலைந்தாலும் மற்ற மூன்றைக் கொண்டு அதனைக் கணக்கிட்டு விடலாம். வட்டுகளும் இவ்வகையிலேயே காக்கப்படுகின்றன. இதற்கு முன்பே, 1976இல், டாண்டம் என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு செயலகம் நின்றால் மற்றொன்று பணியைத் தொடரும் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டு படி வைக்கும் அறிவு காரைக்காலுக்குப் புதிதன்று. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இரண்டு படிகளாக எழுதப்பட வேண்டியிருந்தது. ஒன்று நகராட்சியில், மற்றொன்று நீதிமன்றத்தில். குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு மூன்றாம் படி ஒன்றும் பிரான்சுக்கு அனுப்பப்பட வேண்டும் என 1776இலேயே அரசாணை பிறந்தது. தீயும் வெள்ளமும் ஓரிடத்தைத் தாக்கலாம். மூன்றிடத்தையும் ஒருங்கே தாக்குவது அரிது. இன்று வங்கிகள் வெவ்வேறு நகரங்களில் சர்வர்களை வைத்திருப்பதும் இதே எண்ணத்தால்தான்.

முடிவுரை

இத்துணை காவல் இருந்தும் ஒன்றைக் கணிப்பொறியால் காக்க இயலாது. பொய்யை எழுதினால் அதனையும் அது பழுதின்றிக் காக்கும். இரண்டாம் படியிலும் எழுதி வைக்கும். எழுதும் கை நேர்மையாக இருந்தால்தான் குறிப்பேட்டுக்குப் பயன் உண்டு.

அந்தக் கடையில் இப்போது வேறு நிரல் இயங்குகிறது. மின்சாரம் நின்றாலும் பற்றும் வரவும் பிரிவதில்லை. முதலாளி மறுநாளே தந்தையாரிடம் வருந்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தந்தையார் சிட்டாவை விடவில்லை. "அதான் கம்ப்யூட்டரே எழுதுதே, இன்னும் எதுக்குப்பா?" என்று சென்ற மாதம் கேட்டேன். "அது அதோட சிட்டாவ எழுதட்டும். நான் என்னோடத எழுதறேன்" என்றார்.

தேர்வு முடிந்து நாளை நம்மில் பலர் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறியின் முன் அமரவிருக்கிறோம். விசையைத் தட்டுமுன் அவ்விதியை ஒருமுறை நினைவில் கொள்வோமாக: முதலில் குறிப்பேடு, பின்னர் பேரேடு.