முத்து வந்தாச்சா?

அன்புத் தோழருக்கு,

நீங்கள் அனுப்பிய குறுநாவலைப் படித்து முடித்தேன். தேனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தையல் கடையும், கழுத்தில் அளவு டேப்போடு காஜா எடுத்துக்கொண்டிருக்கும் முத்துவும் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டன. தன்னை ஆணாகவும் உணராத, பெண்ணாகவும் உணராத ஒருவரை நடுவில் வைத்துத் தமிழில் கதை எழுத முடியுமா, மொழி அதற்கு விடுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். மொழி இடம் கொடுக்கும் பக்கமும் இருக்கிறது, முரண்டு பிடிக்கும் பக்கமும் இருக்கிறது. முரண்டு பிடிக்கும் பக்கத்தை ஒளித்து வைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது உங்கள் கதைசொல்லி முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை முத்துவை "அவர்" என்கிறார். ஏன் என்று புரிகிறது. எழுத்துத் தமிழில் பால் காட்டாத ஒருமை அது ஒன்றுதான். ஆனால் மதியம் டிபன் பாக்ஸைத் தையல் மெஷின் மேலேயே திறந்து வைத்துச் சாப்பிடுகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை வரிக்கு வரி "அவர்" என்றால், வாசகருக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. மரியாதை ஏற ஏற நெருக்கம் குறைகிறது. அதோடு உரையாடலுக்குள் நுழைந்ததும் இந்த "அவர்" காலை வாரிவிடும். "அவரு வந்தாரு" என்றால் நம் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் ஆண்தான் காதில் விழுகிறது. பெண்ணுக்கு மரியாதை "அவங்க வந்தாங்க". முத்துவுக்குப் பேச்சில் ஓரளவு பொருந்துவதும் அந்த "அவங்க"தான். அதையும் யார் வாயில் வைக்கிறோம் என்று யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

தமிழ் வினையை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். முற்றில்தான் ஆன், ஆள், ஆர், அது என்று பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. எச்சத்தில் பால் இல்லை: வந்து, குனிந்து, நூலைக் கோத்து, சிரித்தபடி. "வரவில்லை", "போகலாம்", "முடியாது" என்பவற்றிலும் இல்லை. இன்னொன்றை நாம் கவனிப்பதே இல்லை: முத்துவுக்குப் பசித்தது, முத்துவுக்குத் தெரியும், பிடிக்கும், வலித்தது, கூச்சமாக இருந்தது. "கு" உருபோடு நிற்கும் மனிதரை ஆணா பெண்ணா என்று இந்த மொழி கேட்பதில்லை. பசி, வலி, விருப்பம், நினைவு என்று ஒருவருக்குள் நடப்பதில் பெரும்பகுதியைப் பால் சொல்லாமலே சொல்லிவிடலாம். எழுந்து ஒரு காரியம் செய்யப் போகும்போதுதான் கேள்வி வருகிறது. உங்கள் நான்காம் அத்தியாயத்தில் முத்து ராத்திரி தனியாகக் கடையில் தங்கும் பகுதி இருக்கிறதல்லவா, அதை இந்த வாக்கியங்களால் மட்டும் திருப்பி எழுதிப் பாருங்கள். புத்தகம் முழுவதும் அப்படி எழுத வேண்டாம். முற்றை ஒதுக்கி ஒதுக்கி நூறு பக்கம் எழுதினால் மூச்சு முட்டும். வாசகர் முத்துவை விட்டுவிட்டு உங்கள் சாமர்த்தியத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

தன்மையில் எழுதினால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். ஜெனட் வின்டர்சன் 1992-ல் வெளியான 'ரிட்டன் ஆன் த பாடி' நாவலில், கதை சொல்பவர் ஆணா பெண்ணா என்று கடைசிவரை சொல்லவே இல்லை. "நான் வந்தேன்" என்பதில் தமிழிலும் பால் கிடையாது. "நான் வந்தேன்" என்று சொன்ன மாத்திரத்திலேயே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கும் இந்தியில் எழுதுகிறவரைவிட நமக்கு வசதி அதிகம். ஆனால் முத்துவைச் சுற்றி ஒரு ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. அவர்களை ஊமையாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. கதை அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

முத்துவின் அம்மா, "எம்புள்ள சாப்டுச்சா?" என்கிறார். மதுரை, தேனிப் பக்கம் அக்காவும் "சொல்லுச்சு", அம்மாவும் "வந்துச்சு". அந்த விகுதியில் இழிவு இல்லை, பாசம்தான் இருக்கிறது. அதே விகுதியை பஸ் கண்டக்டர் முத்துவைப் பார்க்காமல் பக்கத்து சீட்டுக்காரரிடம், "அது எங்க இறங்குதாம்?" என்று வைத்துப் பேசும்போது அடி விழுகிறது. கடை முதலாளி தினமும் காலையில், "முத்து வந்தாச்சா?" என்கிறார். அதில் பால் இல்லை. பழக்கத்தில் சொல்கிறாரா, கரிசனத்தோடு யோசித்துச் சொல்கிறாரா என்பதை நீங்கள் விளக்காமல் விட்டிருப்பது சரி, அப்படியே விடுங்கள். "அண்ணே" என்று கூப்பிட்டு வளர்ந்த தங்கச்சி ஒரு நாள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எனக்கு அங்கே ஒரு முழு அத்தியாயம் வேண்டும். வாய் வரை வந்த "அண்ணே"யை விழுங்கியது யாருக்காக? அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாரா? முத்து திரும்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆயிற்று?

எதிர் டீக்கடையில் உட்காரும் கட்சிக்காரர்கள் முத்துவை "தோழர்" என்று கூப்பிடுவதாக எழுதியிருப்பது அருமையான கவனிப்பு. அண்ணன், அக்கா, டா, டீ என்று நம்முடைய விளிகளெல்லாம் ஆண் பெண்ணாகப் பிரிந்து கிடக்கும்போது அந்த ஒன்று பிரியாமல் நிற்கிறது. அதனால்தான் நானும் உங்களை அப்படி அழைத்தேன்.

நம் இலக்கணக்காரர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கி நான்காவது நூற்பாவிலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் சொந்தமாக ஒரு விகுதி கிடையாது, உயர்திணையின் விகுதிகளையே அவை ஏற்கும் என்கிறார். தெய்வத்தின் பக்கத்தில் வைத்துப் பேசியதைப் பாருங்கள். நன்னூலில் பவணந்தி இன்னும் ஒரு படி போகிறார். பேடு என்பவர் எந்தத் தன்மையை விட்டு எதை நாடுகிறார் என்பதைப் பார்த்து ஆண்பால், பெண்பால் சொல்கிறார். அதாவது அந்த மனிதரின் விருப்பத்தைக் கேட்டு இலக்கணம் எழுதுகிறார். ஆனால் அதே நூற்பாவிலேயே அஃறிணை போலவும் வரலாம் என்று வழியைத் திறந்துவிடுகிறார். அம்மாவின் "சாப்டுச்சா"வும் கண்டக்டரின் "அது"வும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன. "தமிழில் இதெல்லாம் நேற்று வந்த நாகரிகம்" என்று யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்தால் இந்த இரண்டு நூற்பாக்களையும் காட்டுங்கள். கதைக்குள் மட்டும் கொண்டுவர வேண்டாம். முத்து நன்னூல் படித்த பிள்ளை இல்லை.

விகுதி இவ்வளவு பெரிய விஷயமா என்று நினைத்தீர்களானால், உர்சுலா லெ குவினைச் சொல்ல வேண்டும். 1969-ல் வந்த 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில், நிலையான பால் இல்லாத மனிதர்கள் வாழும் ஒரு கிரகத்தைப் படைத்தார். அங்குள்ளவர்கள் மாதத்தில் சில நாள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள். ஆனால் எல்லோரையும் ஆண்பால் சுட்டிலேயே எழுதினார். 1976-ல் அதற்குச் சமாதானம் சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். 1987-ல் அதே கட்டுரைக்குத் தானே மறுப்புக் குறிப்புகள் சேர்த்து அந்தச் சமாதானங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பூமியிலிருந்து போன ஆண் ஒருவர் கதை சொல்லும் பகுதிகளில் அந்தச் சுட்டு எனக்கு உறுத்தவில்லை; அவர் பார்வையின் குறை அதில் தெரிகிறது. ஆனால் அந்தக் கிரகத்தைச் சேர்ந்த எஸ்ட்ராவனின் நாட்குறிப்பிலும் அதே சுட்டு வருகிறபோது அது எழுத்தாளரின் கைப்பிசகு ஆகிவிடுகிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: உங்கள் கதைசொல்லி யார்? முத்துவை எவ்வளவு காலமாகத் தெரிந்தவர்? அது தெரிந்துவிட்டால் "அவர்" வேண்டுமா, பெயர் போதுமா என்பது தானே முடிவாகும். என் ஓட்டு பெயருக்குத்தான். முத்து என்ற பெயரே ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும். தேவைப்படும் இடத்திலெல்லாம் தயங்காமல் பெயரைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு முன்னால் எழுதியவர்களைப் படியுங்கள். கி. ராஜநாராயணன் 'கோமதி' கதையையும் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலையும் இரக்கத்தோடு வெளியிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவை கரிச்சான் குஞ்சு 1978-லேயே 'பசித்த மானிட'த்தில் அலட்டாமல் எழுதிவிட்டார். பிறகு லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா'வும், ரேவதியின் 'வெள்ளை மொழி'யும் வந்தன. பார்க்கப்பட்டவர்கள் தாங்களே பேசத் தொடங்கியதும் வாக்கியத்தின் வேகமே மாறிவிட்டதை அவற்றில் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்த இரண்டு நூல்களும் திருநங்கையரின் வாழ்க்கை. திருநங்கை பெண், அங்கே "அவள்" என்பதில் குழப்பம் இல்லை. முத்துவின் நிலை வேறு. உங்கள் கதையில் ஓரிடத்தில் முத்துவைக் கூவாகம் திருநங்கையர் திருவிழாவுக்கு அனுப்பி, அரவான் களப்பலி, ஒப்பாரி எல்லாம் காட்டியிருக்கிறீர்கள். சித்திரைப் பௌர்ணமி என்றால் எல்லாக் கேமராவும் போகிற இடம் அது. முத்துவுக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எடுத்துவிடுங்கள். கண்ணாடி முன்னால் அம்மாவின் சேலையைக் கட்டிப் பார்க்கும் காட்சியையும்தான்.

அந்த இடத்தில் முத்துவின் ஆசையைக் கொண்டுவாருங்கள். சொந்தமாக ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் முத்து சீட்டுக் கட்டத் தொடங்கியதாக வருகிறது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டையே காணோம்! நாயகர் தன்னை ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே ஏங்கிக்கொண்டிருந்தால் கதை ஊரின் கைக்குப் போய்விடுகிறது. மெஷின் வேண்டும் என்று ஏங்கினால் முத்து வங்கிக்குப் போக வேண்டும், கடன் படிவம் நிரப்ப வேண்டும், ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்ற கட்டங்களில் பேனா நிற்க வேண்டும். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. அப்படியும் அந்த மூன்றாவது கட்டம் முத்துவுக்குப் பொருந்துமா என்பது கதையில் வரலாம். பின்னால் வரிசையில் நிற்பவர் அவசரப்படுத்துவார். கேஷியருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கும். காட்சி தானாக நடக்கும்.

பாலினம் வேறு, யாரிடம் மனம் போகிறது என்பது வேறு. முதலாவதைச் சொல்லிவிட்டதால் இரண்டாவதைச் சொன்னதாக ஆகாது. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைப் பற்றி வரும்போதெல்லாம் உங்கள் எழுத்து பூசி மெழுகுகிறது. முத்துவைக் களங்கமில்லாதவராகக் காட்ட ஆசைப்பட்டு ஆசையே இல்லாதவராக ஆக்கிவிட்டீர்கள். ஆசை இல்லாதவர்களும் உண்டு. அதை எழுதினால் அப்படியே எழுதுங்கள். முத்து அப்படியில்லை என்பது அவளுடைய சுடிதாருக்கு லைனிங் வெட்டும்போது எடுத்துக்கொள்கிற நேரத்திலேயே தெரிகிறது. கோபம், பொறாமை, சின்னப் பொய் எல்லாம் முத்துவுக்கும் இருக்கட்டும்.

மிக நன்றாக வந்திருப்பது, பிள்ளை பெற்று மூன்று மாதமான ஒரு பெண் அளவு ஜாக்கெட் இல்லாமல் கடைக்கு வரும் இடம். பழைய அளவு எதுவும் இனி உதவாது. முதலாளி வெளியே போயிருக்கிறார். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முத்து தயங்க, அந்தப் பெண் குழந்தையை மேஜை மேல் கிடத்திவிட்டு, "நீயே எடு, நேரமாச்சு" என்று கையை உயர்த்துகிறாள். முத்து அளவைச் சொல்லச் சொல்ல அவளே சாக்பீஸால் மேஜையில் எழுதிக்கொள்கிறாள். அந்த இரண்டு பக்கத்தில் பாலினத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மற்ற பக்கங்களையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

பாலினக் கலைச்சொற்களைப் பற்றி: சென்னை உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் தமிழக அரசு 2022-ல் ஒரு சொற்களஞ்சியம் வெளியிட்டது. பத்திரிகைக்கும் பாடப்புத்தகத்துக்கும் அது மிகவும் தேவை. முத்து "நான்-பைனரி" என்ற சொல்லை இன்ஸ்டாகிராமில்தான் பார்த்திருக்க வாய்ப்பு. அப்படியே இருக்கட்டும். அம்மாவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முத்து படும் பாட்டுக்கு எந்தக் களஞ்சியமும் உதவாது.

பலரிடம் பேசித் தகவல் சேர்த்ததாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் வீட்டுக்குத் தெரியாத ஒன்று உங்கள் புத்தகம் வழியாகத் தெரிந்துவிடக் கூடாது. பெயரை மாற்றினால் போதாது. ஊர், தொழில், உடன்பிறந்தவர் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். அச்சுக்குப் போகுமுன் அவர்களில் விருப்பமுள்ளவர்களிடம் படிக்கக் கொடுங்கள். அந்த நேரத்துக்குப் பணமும் கொடுங்கள். உங்களைப் பற்றியும் கேட்பார்கள், "நீங்களும் அப்படியா?" என்று. பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். பின்னட்டைக் குறிப்பைப் பதிப்பாளர் எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, மெய்ப்பு. திருத்துபவர் நல்லெண்ணத்தோடு "வந்துச்சு"வை "வந்தது" ஆக்குவார். முத்துவுக்குப் பிறகு விகுதி இல்லாத வாக்கியத்தைப் பார்த்தால் விட்டுப்போயிற்று என்று நினைத்து "ஆன்" ஒட்டிவிடுவார். கையெழுத்துப் படியோடு, யார் முத்துவை எந்த விகுதியில் பேசுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். மெய்ப்பு கைக்கு வந்ததும் கதையைப் படிக்க உட்காராமல், முற்றுகளை மட்டும் வரி வரியாகச் சரிபாருங்கள். அதற்கு முன்னால் தங்கச்சி அத்தியாயத்தை எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர்